டீச்சர் தோட்டத்தைப் பார்க்கப் போனவர்

அலுவலகத்தில் அவரை எல்லோரும் ‘எதுக்கும் சார்’ என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்வதில்லை, ஆனாலும் அவருக்குத் தெரியும். உயரமான கட்டடங்களின் லிஃப்ட்டுகளைப் பரிசோதித்துச் சான்று கொடுப்பது அவர் வேலை. வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கதவு ஆள் கையை நசுக்காமல் திரும்புகிறதா என்று எல்லாம் பார்த்து முடித்து, கூட வந்த மெக்கானிக் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருக்கும்போது, "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துருவோம்" என்பார். மெக்கானிக் ஒரு பெருமூச்சோடு பையை மறுபடி திறப்பார். அவர் கையெழுத்துப் போட்ட லிஃப்ட் எதுவும் யாரையும் நடுவழியில் நிறுத்தியதில்லை. அதை யாராவது சொல்லிப் பாராட்டினால் அவர் பேச்சை மாற்றுவார். இதுவரைக்கும் இல்லை, அவ்வளவுதானே என்று நினைப்பார்.

நாற்பதை நெருங்கும்போதுதான் கல்யாணம் ஆனது. மனைவி பெண்களுக்கான பார்லர் வைத்திருந்தாள். முடிவெட்ட வருகிறவர்களின் மாமியார் கதை, மருமகள் கதை எல்லாம் அவளுக்கு அத்துப்படி. இவர் பேசாமல் விட்டதையும் சேர்த்து அவளே பேசிவிடுகிறாள் என்று அவருடைய அக்கா சிரிப்பார்.

ஊர் ஓரத்தில், ஒரே அச்சில் வார்த்த மாதிரி வீடுகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில் வீடு வாங்கினார்கள். கீழே கூடம், சமையலறை. மாடியில் படுக்கையறை, அதை ஒட்டிக் குளியலறை. பின்பக்கம் கொஞ்சம் வெறும் மண். குடிவந்த மாதமே அந்த மண் முழுவதையும் சிமெண்டு போட்டு மூடிவிட்டார். மண் இருந்தால் கரையான் வரும், ஈரம் சுவரில் ஏறும், புல் மண்டினால் பாம்பு வரும். முன்பக்க மரக்கதவுக்கு வெளியே இரும்புக் கிரில், அதற்குத் தனியாக ஒரு பூட்டு. சமையலறைப் பின்கதவுக்கும் அதே ஏற்பாடு. எல்லா ஜன்னலுக்கும் கம்பி. பகல் முழுக்கப் பார்லரில் இருக்கிறவளுக்கு வீட்டின் பின்பக்கம் எப்படி இருந்தால் என்ன என்று மனைவி விட்டுவிட்டாள்.

பக்கத்து வீடு ஒரு பூகோள டீச்சருடையது. தெருவில் அதைக் ‘காடு’ என்பார்கள். இவர்கள் வீட்டுக்கு இருக்கிற அதே அளவு இடம்தான். ஆனால் அதில் மரத்துக்கு மேல் மரம், கொடிக்கு மேல் கொடி. உள்ளே எங்கே தரை, எங்கே வீடு என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் கப்பலில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். டீச்சர் தனியாகத்தான் இருந்தார்.

இரண்டு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. அதற்குக் காரணம் இவர்தான். குடிவந்த புதிதில் டீச்சர் வீட்டுக் கொய்யாக் கிளை ஒன்று மதில் தாண்டி இந்தப் பக்கம் நீண்டிருந்தது. காற்றடித்தால் ஒடிந்து தண்ணீர்த் தொட்டி மேல் விழும் என்று இவர் போய்ச் சொன்னார். டீச்சர் மறுநாளே வெட்டிவிட்டார். கிளை நிறையப் பிஞ்சு இருந்தது. அதை மனைவி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, "உங்களுக்கு வேற வேலையே இல்லயா" என்று கேட்டுவிட்டு அன்று முழுவதும் அவரோடு பேசவில்லை. அதன் பிறகு டீச்சர் தெருவில் எதிரே வந்தால் தலையை மட்டும் அசைப்பார். இவரும் அசைப்பார்.

அவர்களுக்கு இரண்டு தடவை குழந்தை தங்கவில்லை. இரண்டும் ஆரம்ப மாதங்களிலேயே போய்விட்டன. மூன்றாவது தடவை தங்கியது. நாலு மாதம் தாண்டியது, ஐந்து தாண்டியது. ஸ்கேன் எடுத்தபோது நஞ்சுக்கொடி மிகக் கீழே இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர் அம்மா. படி ஏறக் கூடாது, இறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. குளியலறைக்குப் போகலாம், மற்றபடி படுக்கை. துளி ரத்தம் பட்டாலும் உடனே ஆஸ்பத்திரி.

பார்லர் பூட்டப்பட்டது. அக்கா காலையில் வந்து சமைத்து, மதியச் சாப்பாடு கொடுத்துவிட்டு, வெளிப்பூட்டைப் பூட்டிக்கொண்டு தன் வீட்டுக்குப் போவார். சாயங்காலம் இவர் வந்து திறப்பார். ஒரு சாவி இவரிடம், ஒன்று அக்காவிடம், மூன்றாவது முன்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கியது. நடுவில் இருக்கும் கொஞ்ச நேரத்துக்கு அவள் தனி. வேலையில் இருக்கும்போது அந்த நேரம் வந்ததும் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவார். போன் செய்வார். தூங்குகிறவளை எழுப்பியதற்காகத் திட்டு வாங்கிக்கொள்வார். திட்டுச் சத்தம் கேட்டதும் மூச்சு சீராகும்.

‘குழந்தை’ என்ற சொல்லை அவர் வாயால் சொன்னதே இல்லை. ஒரு துணி வாங்கவில்லை, தொட்டில் பற்றிப் பேச்சில்லை. அக்கா ஒரு நாள் பெயர் பற்றிப் பேச்செடுத்தபோது எழுந்து போய்ச் சமையல் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்தார்.

படுத்துக் கிடந்தவளுக்கு ஜன்னல்தான் உலகம். அதிலிருந்து இரண்டு காட்சி. கண்ணைத் தாழ்த்தினால் வெயிலில் வெளுத்த சிமெண்டுத் தரை. நேரே பார்த்தால் டீச்சர் தோட்டத்தின் தலை. இலையும் இலையும் நெருக்கி, பாய் விரித்த மாதிரி ஒரே பச்சை. அதற்குள் குருவி போகும், வரும். சாயங்காலம் உள்ளேயிருந்து தண்ணீர் ஊற்றும் சத்தம் வரும். ஆள் மட்டும் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டாள். "ஏங்க, நம்ம புள்ள வந்து முதல்ல பாக்கப்போறது இந்தச் சிமெண்டையா?"

அவர் எழுந்து ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார்.

"பாதியாவது உடைச்சுருங்க. டீச்சர் வீட்டுல எப்படி வச்சிருக்காங்கன்னு போய்ப் பாத்துட்டு வாங்க. எனக்கு மேல மட்டும்தான் தெரியுது. கீழ என்னென்ன இருக்கு, எதுக்குப் பக்கத்துல எது இருக்கு, எல்லாம் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

கிளை விஷயத்தை அவர் ஞாபகப்படுத்தினார். அதனால்தான் நீங்களே போக வேண்டும் என்றாள். போட்டோ எடுத்து வருகிறேன் என்று தப்பிக்கப் பார்த்தார். போட்டோ வேண்டாம், சொல்லத்தான் வேண்டும், நாள் பூரா பேச்சில்லாமல் கிடக்கிறேன் என்றாள். அதற்கு மேல் அவரால் மறுக்க முடியவில்லை.

டீச்சர் வீட்டு வாசலில் என்ன சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே அழைப்பு மணியை அழுத்தினார். டீச்சர் கையில் செடி வெட்டும் கத்தரியோடு வந்து கதவைத் திறந்தார். இவரைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இப்ப எந்தக் கிளை சார்?"

ஒத்திகை பார்த்தது எல்லாம் மறந்துபோயிற்று. கிளை இல்லை, தோட்டத்தைப் பார்க்க வந்தேன் என்றார். பார்க்கவா என்றார் டீச்சர். ஆமாம், பார்க்கத்தான், மனைவி அனுப்பினாள், அவள் படுத்திருக்கிறாள், இறங்க முடியாது, மேலேயிருந்து இலை மட்டும்தான் தெரிகிறதாம் என்று துண்டு துண்டாகச் சொன்னார். டீச்சர் நிமிர்ந்து மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு கை அசைந்தது. டீச்சர் முகம் கொஞ்சம் இளகியது. "தலையைக் குனிஞ்சு வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

உள்ளே போனதும் வெயில் அணைந்துவிட்டது. ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு ஒரு பாதை. இருபுறமும் இடுப்பு உயரத்துக்குச் செடிகள், தோளில் உரசும் இலைகள், தலைக்கு மேல் கொடி. காலுக்குக் கீழே மண்ணே தெரியவில்லை, காய்ந்த இலை மெத்தை மாதிரி அமுங்கியது. ஒவ்வோர் அடிக்கும் முன்னால் செருப்பு நுனியால் தட்டிப் பார்த்துவிட்டுக் காலை வைத்தார்.

பாம்பு இருக்குமா என்று கேட்டார்.

"இருக்கலாம். நான் பாத்ததில்ல. அது என்னைப் பாத்திருக்கும்" என்றார் டீச்சர்.

ஒரு மூலையில் மண்ணில் பதித்த தொட்டி நிறையத் தண்ணீர், மேலே அல்லி இலை. கொசு வராதா? மீன் விட்டிருக்கிறேன், புழுவைத் தின்றுவிடும். ஆழம் எவ்வளவு? டீச்சர் முழங்கையைக் காட்டினார். கம்பி வலை மூட முடியுமா? முடியும். வேர் போய்ச் சாக்கடைக் குழாயை உடைக்காதா? இதுவரை உடைக்கவில்லை. அந்தச் சிவப்புக் காயைத் தின்றால் என்ன ஆகும்? வயிற்றுப்போக்கு ஆகும். சாகமாட்டார்களே? டீச்சர் நின்று திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தார். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சைப் பார்க்கும் பார்வை அது.

அந்த நேரத்தில் அவர் போன் அடித்தது. திரையில் மனைவி பெயர். எடுக்கும் அவசரத்தில் போன் நழுவி இலைக்குள் விழுந்தது. தேடி எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திரும்ப அழைக்கக்கூடத் தோன்றவில்லை, ஓடினார். பாதை எங்கே திரும்புகிறது என்று தெரியாமல் ஒரு முள்செடிக்குள் புகுந்து, சட்டை கிழிந்து, முழங்கால் கல்லில் இடித்து, எப்படியோ வெளியே வந்து, இரண்டு பூட்டையும் திறந்து, மாடிப்படி ஏறி அறைக்குள் போய் நின்றார்.

அவள் தலையணையில் சாய்ந்தபடி கேட்டாள். "அந்த மதில் ஓரத்துல வெள்ளையா பூத்திருக்கே, அது பேர் என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."

பிறகு அவர் சட்டையையும் முழங்காலையும் பார்த்தாள். சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அவர் கட்டிலில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னார். தொட்டிக்கு மூடி இல்லை, பாதையில் இலை வழுக்குகிறது, ஒரு செடியில் முள், ஒரு காய் விஷம்போல் இருக்கிறது. அவள் பொறுமையாகக் கேட்டு முடித்தாள்.

"நான் தோட்டத்தைப் பாத்துட்டு வரச் சொன்னேன். நீங்க லிஃப்ட்டைப் பாத்துட்டு வந்திருக்கீங்க."

அடுத்த ஞாயிறு மறுபடி போனார். இந்தத் தடவை டீச்சர் ஒரு கல்லைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். கேள்வி கேட்க ஆள் இல்லாமல் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார். முதலில் பின்னங்கழுத்தில் எறும்பு ஏறுகிற மாதிரியே இருந்தது. பிறகு மெல்ல மெல்லக் கண் பழகியது. மேற்கு மதிலை ஒட்டித்தான் பெரிய மரங்கள் நின்றன. மாலை வெயிலை அவை வாங்கிக்கொண்டன. அதன் நிழலில் செம்பருத்தியும் எலுமிச்சையும். அவற்றின் காலடியில் சேம்பு இலைகள், அதற்கும் கீழே வெயிலே வேண்டாத பெரணி. ஒன்றின் இடைவெளியில் இன்னொன்று. களை முளைக்க இடமே இல்லை. இங்கே அங்கே என்று ஒழுங்கில்லாமல் வளர்ந்தது என்று அவர் நினைத்திருந்த காட்டுக்குள் ஒரு கணக்கு இருந்தது. அது அவருக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

ஒவ்வொன்றிலும் ஓர் இலை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவள் அவற்றைப் போர்வை மேல் பரப்பி, இது மேலே, இது கீழே என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். பெரணி இலையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்து வெகு நாளாகியிருந்தது. பார்த்ததும் அவருக்குப் பயம்தான் வந்தது. இவ்வளவு ஆசைப்பட வேண்டாமே என்று மனம் அடித்துக்கொண்டது.

அதன் பிறகு அவளுக்கும் டீச்சருக்கும் நேராகவே பேச்சு தொடங்கிவிட்டது. இவள் ஜன்னலிலிருந்து கேட்பாள். இலைகளுக்குள்ளிருந்து டீச்சர் குரல் மட்டும் பதில் சொல்லும். வெள்ளைப் பூவின் பெயரில் ஆரம்பித்து, கப்பல்காரர் கதை வரைக்கும் போனது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து இறங்கியதும் ஏதாவது ஒரு மரத்தைக் காட்டி, இது எப்போது வந்தது என்று கேட்பாராம். அது கல்யாணத்துக்கு மறுவருஷம் அவரே வைத்த மரமாக இருக்குமாம். டீச்சர் அவளுக்கு அக்கா ஆகிவிட்டார். பள்ளிக்கூட விடுமுறை நாட்களில் மதியம் இவர் போன் செய்தால், அப்புறம் பேசுகிறேன், அக்காவோடு பேசிக்கொண்டிருக்கிறேன் என்று வைத்துவிடுவாள். அவர் கையில் போனை வைத்துக்கொண்டு அப்படியே நிற்பார்.

ஏழாம் மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அலுவலகக் கட்டடங்களில் ஆள் இல்லாத நாள் என்பதால் பெரிய லிஃப்ட்டுகளை அன்றுதான் பார்ப்பார்கள். எதுக்கும் சார் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நின்று, கைவிளக்கு வெளிச்சத்தில் வடத்தின் இழை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பக்கமும் கான்கிரீட் சுவர். அந்தக் குழாய்க்குள் போனுக்குச் சிக்னல் கிடைக்காது. மெக்கானிக் முடிந்ததா என்று கேட்டார். இவர் வழக்கம்போல இன்னொரு தடவை என்றார்.

வெளியே வந்ததும் போன் கையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. தவறிய அழைப்புகள் திரை நிறைய. மனைவி, மனைவி, அக்கா, மறுபடி மனைவி. திரும்ப அழைத்தார். எடுத்தது டீச்சர் குரல்.

"சார், பதறாம கேளுங்க. ரத்தம் பட்டுச்சு. ஆம்புலன்ஸ்ல போய்ட்டிருக்கோம். நான் கூட இருக்கேன். அவ முழிச்சுத்தான் இருக்கா."

"பேசச் சொல்லுங்க."

"ஆக்ஸிஜன் வச்சிருக்காங்க சார். கையை அசைக்கிறா. நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துருங்க."

மெக்கானிக்தான் அவரைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் சிக்னலில் நின்றபோது, அவர் தன் சட்டைப் பொத்தானைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்ததை மெக்கானிக் பிறகு பல பேரிடம் சொன்னார்.

அறுவை அறைக்கு வெளியே நீளமான நடைக்கூடம். சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். புடவையில் மண்ணும் ரத்தமும். வலது கையில் துணி சுற்றியிருந்தது. உள்ளே கொண்டுபோய்விட்டார்கள், ரத்தம் ஏற்றுகிறார்கள், ஆபரேஷன் செய்து குழந்தையை வெளியே எடுக்கப் போகிறார்கள் என்றார். அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். என்ன நடந்தது என்று டீச்சர் தணிந்த குரலில் சொன்னார்.

இவருடைய அக்கா போன கொஞ்ச நேரத்தில் ரத்தம் பட்டிருக்கிறது. அவள் இவரைக் கூப்பிட்டாள், கிடைக்கவில்லை. அக்கா பஸ்ஸில் பாதி வழி போய்விட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அப்புறம்தான் கதவு வெளியே பூட்டியிருக்கிறது என்று நினைவு வந்திருக்கிறது. சாவி கீழே ஆணியில். இறங்கினால் ரத்தம் கூடும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டீச்சர் தோட்டத்தைப் பார்த்து "அக்கா, அக்கா" என்று கத்தினாள். டீச்சர் ஏணியைச் சாத்தி மதில் மேல் ஏறி, சிமெண்டுத் தரையில் குதித்தார். மண் தோண்டும் கடப்பாரையால் சமையலறைக் கிரில்லின் பூட்டை அடித்தார். நல்ல பூட்டு, லேசில் விடவில்லை. அது போன பிறகு மரக்கதவு. கீலோடு பெயர்த்து உள்ளே போய், ஆணியில் இருந்த சாவியை எடுத்து, முன்பக்கக் கிரில் கம்பிக்குள் கைவிட்டுப் பூட்டைத் திறந்தபோது ஆம்புலன்ஸ் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"உங்க பின்கதவு போச்சு சார்" என்றார் கடைசியில்.

அவர் டீச்சர் கையில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்று, அந்தப் பூட்டை உடைக்க என்று கேட்க வாயெடுத்தார். டீச்சர் அது புரிந்த மாதிரி, "அதெல்லாம் இப்ப கேக்காதீங்க" என்றார்.

பெண் குழந்தை. இரண்டு உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. அழுதது, ஆனால் சத்தம் பூனைக்குட்டிச் சத்தம்போல் இருந்தது என்று நர்ஸ் சொன்னார். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, மூக்கில் குழாய் செருகி, அதைச் சுற்றிலும் கருவிகள். அவர் வாழ்நாளெல்லாம் கருவிகளைப் பரிசோதித்தவர். அங்கே ஒன்றைக்கூடத் தொட முடியாது. ஒரு கருவி கீச்சிட்டால் அவர் எழுந்து நிற்பார். நர்ஸ் வந்து ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, ஒன்றுமில்லை, வயர் நழுவிவிட்டது என்பார். இரண்டாம் நாள் அந்த நர்ஸ், நீங்கள் இங்கே நின்றால் எனக்கே பயமாக இருக்கிறது, போய் அம்மாவைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மனைவி வெளுத்துப்போய்ப் படுத்திருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பூட்டு..." என்று ஆரம்பித்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க பயந்துதான் பூட்டுனீங்க. எனக்குத் தெரியும். இப்ப அதைப் பேச வேணாம். அவ பால் குடிச்சாளா?"

குழாய் வழியாகக் கொஞ்சம் கொடுத்தார்கள் என்றார். எவ்வளவு என்றாள். அவர் விரல் நுனியைக் காட்டினார். இரண்டு பேரும் அந்த விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் துணி எடுக்க வீட்டுக்குப் போனார். சமையலறைப் பின்கதவு ஒரு பக்கம் சாய்ந்து கிடந்தது. கடப்பாரை அடுப்பு மேடையில் சாத்தியபடி இருந்தது. தரையில் காய்ந்த மண் பதிந்த காலடித் தடம் மாடிப்படி வரைக்கும் போயிற்று. அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அழுதாரா என்று தெரியாது. அவர் யாரிடமும் சொன்னதில்லை. தச்சரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய், சிமெண்டுத் தரையின் ஒரு மூலையில் ஓங்கிக் குத்தினார். தெறித்தது, உடையவில்லை. நல்ல கலவை போட்டு, கெட்டியாகத்தான் செய்திருந்தார். அன்று ஒரு தட்டு அளவு பெயர்ந்தது.

அதற்குப் பிறகு தினமும் அதுதான். காலையில் ஆஸ்பத்திரி, கண்ணாடிக்கு வெளியே நிற்பது, எடை கூடியதா என்று கேட்பது. ஒரு நாள் கூடும், மறுநாள் குறையும். குறைந்த நாளில் கடப்பாரைச் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். நடுவில் ஒரு தடவை குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, மூச்சு நின்று நின்று வந்தது. டாக்டர் இரண்டு நாள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு நாளும் அவர் வீட்டுக்கே போகவில்லை. டீச்சர் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்து, சத்தம் இல்லாததைக் கண்டு பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நர்ஸ் அவருக்குக் கையுறை மாட்டி, பெட்டிக்குள் கையை விடச் சொன்னார். குழந்தையின் விரல் அவர் கையுறைமேல் பட்டு மூடிக்கொண்டது. அவர் கையை அசைக்காமல் நின்றார். கையை எப்போது எடுக்கலாம் என்று நர்ஸிடம் கேட்டார். அவளே விட்டால்தான் என்றார் நர்ஸ்.

பாதித் தரை பெயர்ந்தபோது கீழே மண் சாம்பல் நிறத்தில், புழு பூச்சி இல்லாமல் செத்துக் கிடந்தது. டீச்சர் தன் தோட்டத்துக் காய்ந்த இலையை மூட்டை மூட்டையாக மதில் வழியே கொட்டினார். தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள், கொஞ்ச நாள் ஒன்றும் நடாதீர்கள் என்றார். சாவி ஒன்றை டீச்சரிடம் கொடுத்தார் இவர். டீச்சர் அதை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். தச்சர் புதுக் கதவு போட்டபோது வெளியே கிரில் வேண்டுமா என்று கேட்டார். இவர் கதவை ஒரு தடவை திறந்து மூடிப் பார்த்தார். கிரில் இருக்கட்டும், ஆனால் சாவி இல்லாமலே உள்ளேயிருந்தும் திறக்கிற மாதிரி வேண்டும் என்றார்.

குழந்தை வீட்டுக்கு வரும்போது அதன் கன்னம் கொஞ்சம் உப்பியிருந்தது. மனைவி மெலிந்திருந்தாள். கீழே கூடத்தில் கட்டில் போட்டாகிவிட்டது. அங்கேயிருந்து பார்த்தால் பின்பக்கம் தெரியும். அவள் சொன்னபடியே அவர் நட்டிருந்தார். மேற்கே ஒரு கொய்யாக் கன்று, அதன் முன்னால் செம்பருத்திக் குச்சிகள், காலடியில் சேம்பு, நிழல் இல்லாததால் ஓலை போட்டு மறைத்த பெரணி. டீச்சர் தோட்டத்தைப் பார்த்துச் செய்ததென்று யாரும் சொல்ல மாட்டார்கள். மண்ணில் குச்சி குத்தி வைத்த மாதிரி இருந்தது. பாதிக் குச்சி இலையில்லாமல் நின்றது. ஓரங்களில் உடைபடாத சிமெண்டு பல் போன ஈறு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

தூங்கும் குழந்தையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பது அவருக்கு ஓயவில்லை. வேலைக்குப் போனாலும் நடுவில் போன் வரும். மனைவி எடுத்ததும், மூச்சு விடுகிறாள், சாப்பிட்டாள், தூங்குகிறாள் என்று கேள்வி வருவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். பார்லரைத் திறக்க இன்னும் மாதமாகும் என்றாள். வாடிக்கைக்காரப் பெண்கள் வீட்டுக்கே வந்து, முடியை வெட்டிக்கொண்டு, குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போனார்கள். அவர்கள் கை கழுவினார்களா என்று இவர் ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருத்தி கோபித்துக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டில் இருந்தார். இப்போதெல்லாம் சனிக்கிழமைகளில் அவர் லிஃப்ட் குழாய்க்குள் இறங்குவதில்லை, வேறு ஆளோடு முறை மாற்றிக்கொண்டிருந்தார். டீச்சர் முதல் தடவையாக இவர்கள் பின்பக்கத்தைப் பார்க்க வந்தார். குனிந்து, மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்தார். செம்பருத்திக் குச்சி ஒன்றை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தார். மனைவி குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எதுக்கும் சார் டீச்சர் பின்னாலேயே நடந்தார். பரீட்சைத் தாள் திருத்தும்போது பக்கத்தில் நிற்கிறவர் மாதிரி நின்றார்.

"எல்லாம் பிடிச்சுக்குமா டீச்சர்?"

"தெரியல சார்" என்றார் டீச்சர். "நான் முதல்ல வச்சதுலயே பாதி போயிருச்சு."

அவர் தலையசைத்தார். வரிசையாக நிற்கும் குச்சிகளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு தடவை பார்த்தார்.

"எந்தப் பாதி?"

வாசற்படியில் மனைவி சிரித்துவிட்டாள். மடி குலுங்கியதில் குழந்தை விழித்துக்கொண்டது. டீச்சர் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, காற்று அடிக்கிற பக்கம் வைத்தவைதான் முதலில் போயின என்றார். அவர் உடனே அந்தப் பக்கம் மறைப்புக் கட்ட ஒரு சாக்கைத் தேடிக்கொண்டு உள்ளே போனார்.